ஜூலியனின் கல்வெட்டு

ஏழாவது புத்தகத்தின் கடைசி வரியை முடித்த கையோடு ஜூலியன் இறந்துவிடுவார் என்பது ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் தன் வீட்டுக்குக் கீழே இருந்த பேஸ்மென்ற் அறையை அவருக்கு வருடக் கணக்கில் வாடகைக்கு விடுவதா, மாதக் கணக்கில் விடுவதா என்பது மட்டுமே மங்கையற்கரசிக்குக் குழப்பமாக இருந்தது. மாதக் கணக்கில் விட்டார். ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

ஜூலியன் ஸ்பெயினின் தெற்கே ஓர் உப்பளத்து ஊரில் பிறந்தவர். தாயார் இடுப்பொடிய உப்பு வாரியவர். இருபத்திரண்டு வயதில் உப்பளத்துப் பெண்களைப் பற்றி முதல் புத்தகத்தை எழுதி முடித்தார்; மறுநாள் சவரம் செய்யப் போனால் கண்ணாடியில் முகம் இல்லை. அன்றிலிருந்து தாடிதான். உள்நாட்டுப் போரில் சுட்டுக் கொல்லப்பட்டு வீதியோரம் புதைக்கப்பட்டவர்களைப் பற்றிய இரண்டாவது புத்தகம் அவருடைய நிழலை எடுத்துக்கொண்டது. மூன்றாவது காலடித் தடத்தை, நான்காவது எடையை, ஐந்தாவது உடம்புச் சூட்டை. பதினைந்தே பக்கமுள்ள ஆறாவதுக்கு மட்ரிட்டில் பெரிய பரிசு கிடைத்தது, நாடித்துடிப்பு போனது. இனி எடுப்பதற்கு மூச்சு ஒன்றுதான் மிச்சம்; ஏழாவதில் எழுதுவதற்கும் ஒரு வரிதான் மிச்சம். ஒரு தவணை பாடம் நடத்த ரொறன்ரோவுக்கு வந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். ஊரில் இருந்திருந்தால் பதிப்பகத்தார் அந்தக் கடைசி வரியைக் கேட்டுக் கேட்டே ஆளை முடித்திருப்பார்கள்.

மங்கையற்கரசி விமானங்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். கணவர் சச்சிதானந்தன் போய் ஒரு வருடம் ஆவதற்குள் ஜூலியன் குடிவந்தார். இன்னொரு செத்தவீட்டை இந்த வீடு தாங்காது என்பதில் மங்கையற்கரசி பிடிவாதமாக இருந்தார். வீட்டிலிருந்த பேனை, பென்சில் எல்லாவற்றையும் அள்ளி வேலைத்தலத்து லொக்கரில் பூட்டினார். அந்தக் கடைசி வரியை எழுதினாலும் வாயால் சொன்னாலும் ஒன்றுதான் என்பதால் ஜூலியன் ஸ்பானிய மொழியில் வாயே திறப்பதில்லை. ஆங்கிலமும், மேல்மாடியிலிருந்து கேட்டுப் பழகிய தமிழும் அவருக்குப் போதுமாக இருந்தன. பனிக்காலத்தில், பனி உருக நகரசபை லொறி தெருவில் உப்புக் கொட்டிப் போனதும், வாசலை அவர்தான் வழிப்பார். பனி விலகியிருக்கும், தடம் இருக்காது. அயலவர்கள் முதல் வருடம் படம் பிடித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

ஒன்பதாவது வருடம் பெப்ரவரியில் அந்த வரி தானாகவே தொண்டைவரை வந்துவிட்டது. எக்ஸ்றேயில் மாதுளை விதைகள் போலப் பதினொன்று வரிசையாகத் தெரிந்தன. பதினொரு அசை என்றார் ஜூலியன். சோறு இறங்கவில்லை, பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. வரியை விட்டால் மூச்சுப் போகும், விடாவிட்டால் பட்டினியில் போக வேண்டும். மங்கையற்கரசிக்குக் கை ஓடவில்லை. ஒருநாள் முந்நூறு பெட்டிகளைக் கரண்டி வைக்காமலே விமானத்துக்கு அனுப்பினார். கடைசியில் ஒரு திங்கட்கிழமை அம்புலன்ஸ் வந்தது. வெளியே சைபருக்குக் கீழே இருபத்திநான்கு. குளிருக்காக ஜூலியனைத் தலையோடு போர்த்துக் கொண்டுபோனார்கள்.

முன்வீட்டார் பார்த்தது அந்தப் போர்வையைத்தான். சேதி மாலைக்குள் கல்வெட்டு எழுதும் அருள்நாயகத்திடம் போய்ச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தார் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அவருடைய படம், வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எல்லாம் பாட்டாகக் கட்டி ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள், அதுதான் கல்வெட்டு. சச்சிதானந்தனுக்கு எழுதியவரும் அருள்நாயகமே. ஒரு கவிஞன் கல்வெட்டு இல்லாமல் போகக் கூடாது என்று அவருக்கு மனம் பொறுக்கவில்லை. துக்க வீட்டைத் தொந்தரவு செய்வது அழகில்லை என்று அவர் தொலைபேசியும் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுத்துப் பார்த்துவிட்டு, இனி முடியாதென்று இருபத்தொன்பதாம் நாள் ஜூலியனை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை அருள்நாயகம் கல்வெட்டுப் பெட்டியும் கையுமாக வந்து மணியடித்தார். கதவைத் திறந்தது ஜூலியன்.

"அண்ணை, உதென்ன வேலை பாத்தனீங்கள்? மனிசன் உயிரோட நிக்கிறார்!" என்று மங்கையற்கரசி பாய்ந்தார்.

"முகத்தை மூடிக் கொண்டுபோனதெண்டு சொன்னாங்கள், தங்கச்சி," என்றார் அருள்நாயகம். பெட்டியை மேசையில் வைத்தார்.

ஜூலியன் ஒரு பிரதியை எடுத்துத் தன் படத்தையும் இறந்த நாளென்று கீழே போட்டிருந்த அந்தத் திங்கட்கிழமைத் திகதியையும் பார்த்தார். "இது முடிஞ்சுதா?"

"ஓம். நன்றி நவிலல்வரை எல்லாம் போட்டு முடிச்சாச்சு," என்றார் அருள்நாயகம்.

மங்கையற்கரசி உள்ளே புரட்டினார். மனைவி மக்கள் இல்லாததால் அருள்நாயகம் 'வீட்டுக்காரி புலம்பல்' என்று எட்டு வரி கட்டியிருந்தார். கீழே விளக்கெரிந்தால் மேலே பயமில்லை என்றிருந்தேன் என்று அதில் இருந்தது. ஒருநாளும் யாரிடமும் சொல்லாததை இந்த மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று கோபத்தோடேயே அழுதார். தலை நிமிர்ந்தபோது, அருள்நாயகத்தின் சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனை ஜூலியனின் கையில் இருந்தது.

எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். சூடும் இல்லை, துடிப்பும் இல்லை. ஆனாலும் இறுக்கிப் பிடித்தார்.

"விடுங்கோ மங்கை," என்றார் ஜூலியன். "பசிக்குது."

பசி என்றவரை மறித்து மங்கையற்கரசிக்குப் பழக்கமில்லை. கையை விட்டார். ஜூலியன் கல்வெட்டின் பின்னட்டையில் ஸ்பானிய மொழியில் எழுதினார்: அம்மா, இங்கே உப்பைத் தெருவில் கொட்டுகிறார்கள். எழுதி முடித்து எச்சில் விழுங்கினார். இறங்கியது. மூவரும் அவருடைய மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பக்கக் கதவு தட்டப்பட்டது. தடித்த கோட்டும் கையில் ஒரு தாளுமாக ஒருவர் நின்றார்; அந்தக் குளிரில் அவர் வாயிலிருந்து மூச்சுப் புகை வரவில்லை. ஜூலியனின் முழுப் பெயரை வாசித்தார். வந்தவருக்குக் கல்வெட்டுக் கொடுப்பதுதானே முறை, மங்கையற்கரசி ஒன்றை எடுத்து நீட்டினார். அந்த வேலைக்கு எல்லா மொழியும் தெரிந்திருக்க வேண்டும். அவர் நின்றபடியே முழுவதையும் வாசித்தார், வீட்டுக்காரி புலம்பலை இரண்டு தரம். திகதியைத் தன் தாளோடு ஒப்பிட்டார். ஏற்கெனவே முடிந்துவிட்டது, தனக்குத்தான் சொல்லவில்லை என்று மன்னிப்புக் கேட்டுப் பெயரை வெட்டினார். பதிவுக்கு இன்னொரு பிரதி கேட்டார். கொடுத்தார்கள். போன வழியில் தடம் இல்லை.

அன்று மத்தியானம் ஜூலியன் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஏழாவது புத்தகம் அடுத்த வருடம் வெளிவந்தது. கல்வெட்டில் போட்ட திதி வந்தால் ஜூலியனுக்குத் திவசம் செய்யாமல் விடலாமா என்று மங்கையற்கரசி கேட்டார். விடக் கூடாது என்றார் அருள்நாயகம். ஜூலியன் காலையிலேயே மேலே வந்து மரக்கறி வெட்டிக் கொடுத்தார். தன் படத்துக்கு முன்னால் வைத்த இலையையும் அவரே சாப்பிட்டார்.