கியர் மாத்தத் தெரியாதவள்

என் கணவருக்குத் தொழிலே கியர் மாற்றக் கற்றுக்கொடுப்பதுதான். டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்சியாளர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் சொதப்பினால் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். வருஷக்கணக்கில் அதை மிதித்துப் பழகிய கால், வீட்டிலும் பிடிக்காத பேச்சு எழுந்தால் தானாகத் தரையை அழுத்தும். கல்யாணமான புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. போகப் போக, அந்தக் கால் அசைந்தாலே நான் பேச்சை நிறுத்திக்கொள்ளப் பழகிவிட்டேன்.

என் வேலை ரத்தம் எடுப்பது. பரிசோதனைக்கூடத்திலிருந்து காலையில் சைக்கிளில் கிளம்பி, வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் வீடுகளுக்குப் போய், எடுத்த ரத்தத்தைப் பின்னால் கட்டிய குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு நேரத்தோடு திரும்ப வேண்டும். என் பகுதி மேட்டுத் தெருக்கள். ஏற்றம் என்று மற்றவர்கள் தட்டிக்கழித்ததை நான் கேட்டு வாங்கினேன். மூச்சு வாங்க ஏறி உச்சியில் ஒரு காலை ஊன்றி நிற்கும்போது நான் யாருக்கும் மனைவி இல்லை, மருமகள் இல்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னொரு மேடு ஏறச் சொன்னாலும் ஏறியிருப்பேன்.

நான் காய்ச்சலில் கிடந்து எழுந்த பிறகுதான் சைக்கிள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. லீவரை ஒரு தட்டு தட்டினால் செயின் பக்கத்துப் பல்சக்கரத்துக்குப் போக வேண்டும். போகாது. கடகடவென்று அங்கேயே நின்று யோசிக்கும். சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டால், ஏற்றத்தின் நடுவில் திடீரென்று தாவும். பெடல் வெறுமனே சுற்றி முழங்கால் கைப்பிடியில் இடிக்கும்.

அவரிடம் சொன்னேன். அவர் சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வண்டியில ஒண்ணும் இல்ல. உனக்குக் கியர் மாத்தத் தெரியல. அழுத்தி மிதிச்சுக்கிட்டே மாத்தினா எப்படி விழும்?”

“இத்தனை நாள் விழுந்துச்சே.”

“இத்தனை நாள் உன் அதிர்ஷ்டம்.”

“கடையில காட்டிட்டு வரட்டுமா?”

அவர் கால் தரையை அழுத்தியது. “எதுக்கு? இல்லாத ரிப்பேரையெல்லாம் சொல்லுவான். நான் எதுக்கு இருக்கேன்?”

ஞாயிற்றுக்கிழமை வாசலில் பாடம் நடந்தது. அவர் கைகட்டி நிற்க, நான் தெருமுனைவரை ஓட்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். “இப்ப பெடல லேசாக்கு. இப்ப தட்டு. சொல்றதக் கேளு.” எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தியவர்கள் உலர்த்துவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கேபிள் முனையில் இருக்கும் சின்னத் திருகை அவர் கொஞ்சம் திருகிவிட்டார். அப்போதைக்குச் சத்தம் அடங்கியது. “பாத்தியா?” என்றார். அந்த வாரமே பழைய குருடி கதவைத் திறடி என்று ஆனது. மறுபடி பாடம், மறுபடி திருகு.

நான் நம்பினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறெரிகிறது. எத்தனையோ வருஷம் ஓட்டிய சைக்கிளை அன்றைக்குத்தான் தொட்டவள் மாதிரி ஓட்டினேன். லீவரைத் தொடுமுன் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். செயின் தாவும்போதெல்லாம் என் காலைத்தான் திட்டினேன்.

இதில் நேரம் கைவிட்டுப் போனது. பரிசோதனைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கும் அம்மா என்னைக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார். “இன்னொரு தடவை லேட்டானா மேட்டுத் தெருவ பைக் வச்சிருக்கிறவருக்குக் குடுத்துடுவாங்கம்மா. அப்புறம் உங்கள கவுன்ட்டர்லதான் உக்கார வைக்கணும்.”

அதற்குப் பிறகு வந்த ஒரு காலையில், உச்சிக்குச் சற்று முன்னால், இருப்பதிலேயே லேசான கியருக்குத் தட்டினேன். அவர் சொன்னபடியே பெடலை லேசாக்கித்தான் தட்டினேன். பின்னால் நொறுங்கும் சத்தம். செயினைத் தள்ளும் கியர் உள்பக்கம் போய்ச் சக்கரத்தின் கம்பிகளில் சிக்கி, சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. நான் பெட்டியோடு சாலையில் விழுந்தேன். முட்டி சிராய்த்த காலோடு, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே ஏறினேன். கடைசி வீட்டுச் சர்க்கரைக்கார அம்மா சாப்பிடாமல் காத்திருந்து, தலை சுற்றி, சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் நேராகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போன் போட்டார்.

மறுநாள் மேட்டுத் தெருக்கள் கைமாறின. எனக்குக் கவுன்ட்டரில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

அன்று சாயங்காலம் யாரையும் கேட்காமல் சைக்கிளை, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் டீ டம்ளரைக் கீழே வைக்காமலே வண்டிக்குப் பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“இந்த வண்டியா? இத அப்பவே சொன்னேனே.”

“என்கிட்டயா?”

“டிரைவிங் ஸ்கூல் சார்கிட்ட. மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போயி, முனை திரும்புறப்ப வலது பக்கமா விழுந்துட்டேன்னாரு. கைப்பிடி கோணியிருந்துச்சு, நேராக்கிக் குடுத்தேன். கியர் தொங்குற இந்தத் தகடும் உள்பக்கமா வளைஞ்சிருக்கு சார், இப்படியே ஓட்டினா ஒரு நாள் கம்பியில போய் மாட்டும்னு சொன்னேன். வீட்டுல காய்ச்சலா படுத்திருக்கா, எழுந்திரிக்கிறதுக்குள்ள வச்சிடணும்னு அவசரமா போயிட்டாரு.” டீயை உறிஞ்சினார். “கேபிள எவ்வளவு திருகினாலும் இது சரியாகாதும்மா. தொங்குற இடமே கோணல்.”

“மாத்திடுங்க, நெளிஞ்ச கம்பிகளையும் நிமித்திடுங்க” என்றேன். கழற்றிய பழைய தகட்டைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

விழுந்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. யார்தான் விழுவதில்லை? கண்ணுக்குத் தெரிகிற கைப்பிடியை மட்டும் நேராக்கிக்கொண்டு வந்து, தெரியாத கோணலை என் தலையில் கட்டியிருக்கிறார். அது போதாதென்று தெருவே பார்க்க அதற்குப் பாடம் வேறு நடத்தியிருக்கிறார். இது கம்பியில் மாட்டும் என்று தெரிந்தே ஒவ்வொரு காலையும் என்னை மேட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

வீட்டுக்குப் போகாமல் மேட்டுக்குத் திருப்பினேன். அழுத்தி மிதித்துக்கொண்டே தட்டினேன். டக்கென்று விழுந்தது. இன்னொன்று தட்டினேன், அதுவும் விழுந்தது. உச்சிவரை ஒரு முனகல் இல்லை. பெட்டி இல்லாத சைக்கிளோடு அங்கே நின்றேன். காலையில் இந்தத் தெருக்களில் வேறு யாரோ பைக்கில் போய்விட்டு வந்திருப்பார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

வீட்டில் நாத்தனார் வந்திருந்தாள். வாசலில் சைக்கிள் சத்தமில்லாமல் வந்து நின்றதை அவளும் அவரும் ஜன்னலில் பார்த்திருக்கிறார்கள்.

“என்ன அண்ணி, வண்டி சரியாயிடுச்சா?”

நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார். “வண்டிக்கு என்ன கேடு? இவளுக்குத்தான் மாத்த வரல. எவ்வளவு சொல்லிக் குடுத்தேன் தெரியுமா? இப்பத்தான் கை வந்திருக்கு. இத அப்பவே கேட்டிருந்தா மேட்டுத் தெரு போயிருக்காது.”

“அண்ணா சொன்னா சரியாத்தான் அண்ணி இருக்கும்” என்றாள் நாத்தனார்.

பையிலிருந்து தகட்டை எடுத்து அவர் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். கட்டைவிரல் அளவுகூட இல்லாத தகடு.

“என்ன அண்ணி இது?” என்று நாத்தனார் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“சின்ன வளைவுதான அது” என்றார் அவர். “அதுக்குப் போய்...”

அவள் அதை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு அது என்னவென்றும் தெரியவில்லை, அதில் வளைவு எங்கே என்றும் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்து தன் அண்ணனைப் பார்த்தாள்.

மேஜைக்கு அடியில் அவர் கால் தரையை அழுத்தியது. நான் பார்த்தேன். மறுபடியும் அழுத்தியது.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காய்ச்சலில் படுத்திருந்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.