தாமரை நுழையாத அறை

மாலை ஐந்து மணிக்குக் கறியைப் போட்டுக் கதவைத் தூக்கினால் எந்தப் புலியும் இரவுக்கூண்டுக்குள் ஓடி வரும். புதிதாக வந்த தாமரை மட்டும் வரவில்லை. வாசல்வரை வருவாள், தரையை மோந்து முகம் சுளிப்பாள், திரும்பிவிடுவாள். நான்கு நாளாக வெளியிலேயே கொஞ்சம் கறி போட்டுச் சமாளித்தார்கள். உயிரியல் பூங்காவில் புலிகளைப் பராமரிக்கும் காஜாவுக்குக் காரணம் பிடிபடவில்லை.

"உன் மூஞ்சி அதுக்குப் புடிக்கல போல பாய்" என்றான் உடன் வேலை பார்க்கும் ரவி.

"இருபத்தெட்டு வருசமா புலிங்க இந்த மூஞ்சியத்தான் பாத்துகினு கீதுங்க. எதுவும் பேஜாராவல, போடா."

எந்தப் புலிக்கு யார் தாய், யார் தகப்பன் என்று பூங்காக்களுக்குப் பொதுவாக ஒரு வம்சப் பதிவேடு உண்டு. அதைப் பார்த்து, இங்குள்ள ஆண்புலிக்கு உறவில்லாத பெண்ணாகத் தாமரையை அனுப்பியிருந்தார்கள். உறவுக்குள் பிறக்கும் குட்டிகள் தேறுவது கஷ்டம். ஆனால் அவள் உள்ளே வந்தால்தானே ரத்தம் எடுத்துப் பார்த்து ஜோடி சேர்க்கலாம்?

"திங்கட்கிழமைக்குள்ள வரலைன்னா வேற ஜூவுக்கு அனுப்பிடுவாங்க அண்ணா" என்றார் பூங்காவின் கால்நடை டாக்டர் தீபலட்சுமி.

இரண்டு மாதத்தில் காஜாவுக்கு ஓய்வு. அதற்குமுன் இன்னொருமுறை குட்டிகளைப் பார்த்துவிட ஆசை.

சனிக்கிழமை காலை பினாயில் ஊற்றிக் கூண்டைக் கழுவும்போது மின்சாரம் போய்விட்டது. குழாய் நின்றது. பாதித் தரை காய்ந்து கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடிக்கடி இப்படித்தான். தண்ணீர் லாரி வராத கோடையில் இரண்டு வாளிதான் கிடைக்கும். பாதியைக் கழுவி மீதியை விட்டுவிடுவான். ரோஜா என்ற கிழப்புலி கழுவாத மூலைக்கே நேராகப் போய்க் கன்னத்தைத் தேய்த்துப் படுக்கும். அந்த வாடையோடு தாம்பரம் ரயிலில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள், அவனுக்கு ஜன்னலோரம் கிடைக்கும். எத்தனை சுகமான நாட்கள்! பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. தினமும் பினாயில் ஊற்றி முழுதும் கழுவித் தரை பளபளப்பது அவனுக்குப் பெருமையானது.

சட்டென்று உறைத்தது. புலிக்கு அதன் வாடைதான் வீட்டு முகவரி. இங்கே பிறந்த புலிகள் பினாயிலுக்குப் பழகியவை. தாமரைக்கு இது யாருடைய வீடும் இல்லை. பினாயிலை நிறுத்திப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டான்.

"கழிவை மட்டும் ஒழுங்கா அள்ளிடுங்கண்ணா, மத்தபடி சரி" என்றார் டாக்டர்.

மின்சாரம் வந்ததும் பினாயில் போகத் தரையை வெறும் தண்ணீரால் கழுவினான். தாமரையைக் கறி காட்டிப் பக்கத்துத் திடலுக்கு மாற்றிக் கதவடைத்துவிட்டு, வெளியே அவள் நகத்தால் கீறிச் சிறுநீர் பீய்ச்சியிருந்த மரக்கட்டையை ரவியோடு சேர்ந்து உள்ளே உருட்டிப் போட்டான். ஞாயிறு ஐந்து மணிக்கு அவள் உள்ளே வந்து கட்டையில் கன்னத்தைத் தேய்த்தாள்.

அன்றுமுதல் தாமரையின் அறைக்குப் பினாயில் கிடையாது. கழிவைத் தினமும் அள்ளுவார்கள். தரையில் ஒரு பாதியை இன்றும் மறுபாதியை நாளையும் வெறும் தண்ணீரால் கழுவுவார்கள்.