வெள்ளைத் துணி முடியும் வரை

தையல்காரருக்கு இதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்று தெரிந்ததிலிருந்து தினமும் இரண்டு மாத்திரை. வெள்ளை மாத்திரை துடிப்பை அடக்கி வைக்க, ரோஸ் மாத்திரை ரத்தம் கட்டாமல் இருக்க.

"இதயம் ஒழுங்கா அடிக்கலைன்னா உள்ளே ரத்தம் தேங்கும். தேங்கினா கட்டும். அந்தக் கட்டி தலைக்குப் போச்சுன்னா பக்கவாதம். என்னைக் கேக்காம ஒருநாள்கூட நிறுத்தாதீங்க" என்று டாக்டரம்மா சொன்னபோது தையல்காரரும் அவர் மனைவியும் சேர்ந்தே தலையாட்டினார்கள். தலையாட்ட என்ன, காசா பணமா?

மனைவிக்குத் தெருவில் பட்டன் அக்கா என்று பெயர். அவர் வெட்டித் தைப்பார். காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் அவள் பாடு. அவர் தைத்த சட்டையில் ஒரு பிசிறு காட்ட முடியாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

மருந்து வந்த பிறகு கடையில் ஒரு புது வம்பு முளைத்தது. விரலில் ஊசி ஏறாத தையல்காரர் உலகத்தில் கிடையாது. முன்பெல்லாம் விரலைச் சப்பிவிட்டு அடுத்த தையலுக்குப் போய்விடுவார். இப்போது குத்தினால் ரத்தம் நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. விரலுறை மாட்டிக்கொள்ளச் சொன்னால், துணியைத் தொட்டுப் பார்க்காமல் எப்படித் தைப்பது என்று சண்டைக்கு வருவார். கறுப்பும் நீலமுமாகத் தைத்தவரை கறை யார் கண்ணிலும் படவில்லை. பிறகு ஒரு பெரிய ஓட்டல் தன் சமையல்காரர்கள் எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்தது.

முதல் நாளே காலரில் கறை, கைப்பட்டியில் கறை. பட்டன் அக்கா பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கை ஓயத் தேய்த்தாள். அப்படியும் ஓட்டல் மேலாளர் ஒரு கோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என்னங்க இது, கடையில ஆடு கீடு வெட்டினீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்கு முகம் செத்துப்போனது.

அன்று சாயங்காலம் அவள்தான் ஆரம்பித்தாள். "என்னங்க, இந்த வெள்ளைத் துணி முடியிற வரைக்கும் அந்த ரோஸ் மாத்திரையை நிறுத்தி வைங்களேன். அப்புறம் போட்டுக்கலாம்."

"டாக்டரம்மா திட்டுவாங்க."

"அவங்களா வந்து கறை துவைக்கப் போறாங்க?"

அவர் சிரித்துவிட்டார். விஷயம் அத்தோடு முடிந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவார்களே, அதனால்தான் கேட்கவில்லை. பிடிக்காத பதில் வரும் இடத்தில் நாம் யார்தான் கேள்வி கேட்கிறோம்?

வெள்ளை மாத்திரை மட்டும் தவறாமல் உள்ளே போனது. காலையில் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பாள். துடிப்பு சாதுவாக இருக்கும். இதயம் நன்றாகத்தானே இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொள்வாள். அடக்கி வைக்கிற மாத்திரை ரத்தக்கட்டைத் தடுக்காது என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

ஊரின் மறுகோடியில் இருக்கும் மகள் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது போன் செய்வாள். "அப்பா ரெண்டு மாத்திரையும் போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சு, போட்டாச்சு" என்பாள் இவள், வாய் கூசாமல்.

கோட்டுகள் முடியப்போகிற நேரம். பட்டன் வைத்துக்கொண்டிருந்தவள் கத்தரிக்கோல் விழுந்த சத்தத்துக்குத் திரும்பினாள். அவர் அதை எடுக்கக் குனியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை தொங்கியது. என்னவோ சொல்ல வந்தார், குழறியது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து ஆம்புலன்சை அழைத்தார்.

ஆஸ்பத்திரிக்கு மகள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது தலையைப் படம் எடுத்து முடித்திருந்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் வேகமாகக் கேட்டார். "ரத்தம் கட்டாம இருக்கிற மாத்திரை சாப்பிடறாரா? இன்னைக்குப் போட்டாரா?"

"தினமும் போடறாரு டாக்டர். நான் ஒருநாள் விடாம கேப்பேன்" என்றாள் மகள். "அப்படித்தானேம்மா?"

பட்டன் அக்கா தலையாட்டினாள்.

"அப்போ கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியாதுங்க. அந்த மாத்திரை உடம்புல இருக்கும்போது போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் திரும்பி நடந்தார்.

மகள் பட்டன் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை இனிமேல் தன் தோளில் விழாமல் போய்விடும் என்று தோன்றியது. போனால் போகட்டும்.

"போடலை!"

டாக்டர் நின்றார். "என்னம்மா?"

"போன வாரத்திலிருந்தே போடலை. வெள்ளைத் துணியில ரத்தம் பட்டுச்சு. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

டாக்டர் திட்டவில்லை. ஊசியை எடுக்கச் சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார். மகளும் திட்டவில்லை, கையை மட்டும் எடுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஊசியால் உயிர் தப்பியது. பேச்சு குழறலோடு திரும்பியது. வலது கை திரும்பவில்லை. இப்போது மகள் போனில் கேட்பதில்லை. காலையில் நேரிலேயே வந்து, இரண்டு மாத்திரைகளையும் தன் கையால் கொடுத்து, அவர் விழுங்கும் வரை நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். அம்மாவிடம் தண்ணீர் மட்டும் கேட்பாள்.

பட்டன் வைக்காத கோட்டுகள் கொஞ்சம் பாக்கி இருந்தன. ஓட்டலிலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்கள். பட்டன் அக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, வலது கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து தைத்தாள். கவனம் எங்கோ இருந்தது. ஊசி விரலில் ஏறியது.

துணியில் படாமல் விரலைத் தூக்கிப் பிடித்தாள். சிவப்பாக ஒரு பொட்டு, அவ்வளவுதான்.

"நின்னு... நின்னுடுச்சா?" என்று அவர் குழறினார்.

"நின்னுடுச்சுங்க" என்றாள். அதற்கு மேல் தாங்க முடியாமல், அந்த வெள்ளைக் கோட்டிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.