முடிவாகாத டி.வி.

மருந்துக்கடைக்காரம்மாவின் பழைய டி.வி. ஒரு நாள் டப்பென்று சத்தம் போட்டு உயிரை விட்டது. அது போனதில் அவளுக்கு ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கிறதா? வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் மாதம் ஒருமுறை போன் செய்வான். பேச வேறு விஷயம் கிடைக்காமல் அவனிடம் அதைச் சொல்லிவைத்தாள். நல்ல பிளாஸ்மா டி.வி.யாக வாங்கித் தருகிறேன், கடைக்குப் போய்ப் பார் என்றான். மறுநாள் சாயங்காலமே, பார்த்தாயா என்று கேட்டுக் கூப்பிட்டான்.

மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவளுக்கு மறுநாளே போன் வந்தால் எப்படி இருக்கும்! அந்தச் சந்தோஷம்தான் அவள் புத்தியைக் கெடுத்தது.

கடையில் இரண்டு பிளாஸ்மாக்களை அருகருகே மாட்டி, இரண்டிலும் ஒரே படத்தை ஓடவிட்டிருந்தார்கள். கொஞ்சம் அகலமாக இருந்ததற்கு மூத்தவன் என்றும், மற்றதற்குச் சின்னவன் என்றும் அவளே பெயர் வைத்துக்கொண்டாள். மருந்துக்கடையில், ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வந்து, எது நல்லது என்று இழுக்கிறவர்களை, ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லி விரட்டியே பழகியவள் அவள். இங்கேயும் பார்த்தவுடன் அதுதான் தோன்றியது. தூங்கி வழிந்துகொண்டு நாடகம் பார்க்கப் போகிறவளுக்கு எதுவானால் என்ன? ஆனால் அதைச் சொன்னால், அவன் ஏதோ ஒன்றை வாங்கிவிட்டு மறுபடியும் மாதக் கணக்குக்குப் போய்விடுவான். அதனால், ஒன்றும் பிடிபடவில்லை, நாளைக்கு இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போன்தான். மூத்தவன், சின்னவன் என்ற பெயர்கள் மகன் வாயிலும் ஏறிவிட்டன. அவன் எங்கெங்கோ படித்துவிட்டுக் கேள்வி கேட்டான். இருட்டான காட்சியில் கறுப்பு கறுப்பாகவே தெரிகிறதா, சாம்பல் பூத்துத் தெரிகிறதா? பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிறம் மாறுகிறதா? அவள் இடப்பக்கம் நின்று பார்த்தாள், வலப்பக்கம் நின்று பார்த்தாள், குனிந்தும் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோல இரண்டின் முதுகையும் தொட்டுப் பார்த்தாள். முதல் இரண்டு நாள் நாற்காலி போட்டு உபசரித்த கடை ஆள், அப்புறம் அவள் தலையைக் கண்டாலே பிரிட்ஜுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட்டால் நாளைக்கு என்ன பேசுவது? காலைக்கு இது, ராத்திரிக்கு இது என்று மாத்திரை பிரித்துக் கொடுத்த கை அல்லவா? சூட்டை இன்றைக்குச் சொன்னால் சத்தத்தை நாளைக்கு வைத்துக்கொண்டாள். போன் வரும் நேரத்துக்கு முகம் கழுவி, தலை வாரி, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

அவனோ ஒரு நாள் குண்டைத் தூக்கிப் போட்டான். வயசான காலத்தில் கடைக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டாம், சின்னவனுக்கே பணம் கட்டிவிட்டேன் என்றான். மூத்தவனின் சத்தத்தை இன்னும் சரியாகக் கேட்கவில்லையே என்று இழுத்துப் பார்த்தாள். அவன் சிரித்துவிட்டான்.

சின்னவன் வந்து சுவரில் ஏறினான். அன்றைக்குச் சாயங்காலம், படம் தெளிவா இருக்கா என்று மகன் கேட்டான், இருக்கு என்றாள், அப்ப சரிம்மா என்று வைத்துவிட்டான். மறுநாள் போன் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. டி.வி.யை அணைத்தால் அந்தக் கறுப்புக் கண்ணாடியில், சோபாவில் ஒற்றையாக உட்கார்ந்திருக்கும் அவளே தெரிந்தாள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் எந்நேரமும் ஓடவிட்டாள். தனியாக இருப்பது அவளுக்குப் புதிதில்லை. தினமும் ஒரு குரலைக் கேட்டுப் பழகிவிட்டு, அப்புறம் தனியாக இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கடைசியில் அவளே போனை எடுத்து ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். திரையில் ஓர் ஓரமாகக் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது என்றாள். உடனே சாயங்கால போன் திரும்பி வந்தது. எந்த ஓரம், எவ்வளவு பெரிது என்று அவன் விசாரிக்க விசாரிக்க, இல்லாத புள்ளியை இவள் பேசியே வளர்த்தாள். அது மிளகு அளவுக்கு வளர்ந்திருந்த சமயத்தில், மகன் கம்பெனியோடு சண்டை போட்டு அனுப்பிய மெக்கானிக் வாசலில் வந்து நின்றார்.

அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கே புள்ளி என்று கேட்டதற்கு அவள் ஓர் இடத்தைக் காட்டினாள். அங்கே இல்லை என்றதும் வேறோர் இடத்தைக் காட்டினாள். அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அவள் எதிரிலேயே மகனுக்குப் போன் போட்டார்.

"டி.வி.ல ஒரு குறையும் இல்ல சார். அம்மாவ கண் டாக்டர்கிட்ட காட்டுங்க."

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அடிக்கவிட்டுப் பார்த்தாள். நிற்கவில்லை. எடுத்தாள்.

"புள்ளி இல்லையாம்மா?"

"இல்லடா."

"அப்புறம் ஏம்மா சொன்ன?"

மென்று விழுங்கிப் பயனில்லை என்று தெரிந்துபோயிற்று.

"நீ கூப்பிடணும்னுதான். வேற எதுக்கு? டி.வி. வந்துச்சு, நீ போயிட்ட."

கோபித்துக்கொள்வான் என்று நினைத்தாள். மன்னிப்புக் கேட்கவும் தயாராகிவிட்டாள். ஆனால் அவன் கோபிக்கவில்லை.

"இங்க ரூமுக்கு வந்தா எனக்கும் பேச ஆளில்லம்மா. உன்னைக் கூப்பிட்டா என்ன பேசுறதுன்னு தெரியல. சாப்ட்டியான்னு கேட்டா சாப்ட்டேன்ற, அதோட முடிஞ்சிடுது. டி.வி.ன்னா கேக்குறதுக்கு ஏதோ இருந்துச்சு. நீ அலையிறது பொறுக்காமத்தான் வாங்கிட்டேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. ஆனால் யாரும் போனை வைக்கவும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த டி.வி.யின் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"என்னம்மா ஓடுது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். வாங்கி வைத்த நாளிலிருந்து அதில் என்ன ஓடுகிறது என்று அவள் கவனித்ததே இல்லை.

"யாரோ ஒருத்தன் படகுல தூண்டில் போட்டுட்டு உக்காந்திருக்கான்."

"மீன் கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல." காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இரு, வச்சிடாத. பாத்துச் சொல்றேன்."