ராஜா போட்ட கோட்டு

...இதே கோட்டுதான், சந்தேகமே இல்லை, காலரைத் திருப்பியதுமே செல்லசாமிக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே கறுப்பு மசியில் சுந்தரதாஸ், ராஜா என்று எழுதி வெட்டியிருந்தது, அதன் கீழே ஏதோ சீரியலின் மந்திரி, அதற்கும் கீழே புராணத் தொடர் ஒன்றின் சேனாதிபதி, எல்லாம் வெட்டு, கடைசியில் புது மசியில் செல்லசாமி, காவல் தலைவன். வாடகை உடுப்புக்கு வேறென்ன கதி, ராஜாவில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வாசல் காவலுக்கு வந்து சேரும், ஜரிகையை உருவிவிட்டுப் பித்தளைப் பொத்தான் வைத்திருந்தார்கள், என்றாலும் இந்தச் சிவப்பு வெல்வெட்டை அவன் மறப்பானா? பதினோரு வருடத்துக்கு முன்னால், சினிமாவில், இதைப் போட்டுக்கொண்டுதான் சுந்தரதாஸ் அவனை அறைந்தான். கையை ஓங்கினால் போதும், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் டைரக்டர் சொல்லியிருந்தார், விழுந்ததோ உண்மையான அடி, இடது காதுக்குள் அன்று புகுந்த இரைச்சல் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் காட்டியும் போகவில்லை. டேக் ஓகே என்று எல்லோரும் கை தட்டினார்கள். சுந்தரதாஸ் சிரித்துக்கொண்டே, "கோட்டு சதிச்சுடே" என்றான்... கோட்டாம், சதி செய்து காலை வாரிவிட்டதாம்! அடித்தது போதாதென்று நக்கல் வேறு.

அமரவிளை முக்கில் இன்றும் அவனுக்குப் பெயர் பளார் சாமி. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு டீக்கடைக்காரன் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி காட்டினான். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள், நின்றது போதும் என்று தெய்வத்துக்கே தோன்றியிருக்க வேண்டும், இதோ நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பழைய வீட்டு முற்றத்தில், மார்க்கெட் போன சுந்தரதாஸ் சீரியலில் பிடிபட்ட திவானாகக் கை கட்டி உட்கார்ந்திருக்கிறான், காவல் தலைவன் போய்க் கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும், ஷாட் அதுதான். ஓங்கினால் போதும் என்று இந்த டைரக்டரும் சொல்லிவிட்டார், சொல்லட்டும், யார் கேட்கப்போகிறார்கள்? சுந்தரதாஸுக்கு இவனை அடையாளம் தெரிந்ததா? தெரியாவிட்டால் என்ன, கன்னத்துக்குத் தெரிந்தால் போதும்.

கோட்டை மாட்டிக்கொண்டு ஒருமுறை கையைக் காற்றில் வீசிப் பார்த்தான். அக்குளில் பிடித்துக்கொண்டு கை பாதியில் நின்றது, தம் கட்டி இழுத்தான், சட்டென்று விடுபட்டு அது தன் போக்கில் பாய்ந்து பக்கத்துத் தூணில் போய் மோதியது, நிறுத்த முடியவில்லை... இன்னொரு தடவை, மெதுவாக... அப்போதும் தூண்தான். விரல் விண்ணென்று தெறித்தது. அன்றைக்கு சுந்தரதாஸ் இவனைவிடத் தடி, அவனுக்கு இது இன்னும் இறுக்கமாக அல்லவா இருந்திருக்கும்? அப்படியானால் கோட்டு சதித்தது என்றது... சே, சும்மா இரு, இந்த நேரத்தில்தானா நியாயம் பேச வேண்டும், காது இரைவது யாருக்கு?

உடுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் சுமி ஊசியோடு ஓடி வந்தாள். "அண்ணா, கை பிடிக்குதா? அக்குள் தையலு ஆதியில உள்ளதாக்கும், இதுவரைக்கும் ஒருத்தரும் பிரிக்கல்ல. ஒரு நிமிஷம் நில்லுங்க, பிரிச்சு விட்டுத் தாறேன்."

"வேண்டாம் மக்கா, இப்பிடியே கெடக்கட்டு."

சொன்ன வேகம் அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஷாட் ரெடி என்று கூப்பிட்டார்கள், சுந்தரதாஸ் தலையை நிமிர்த்திக் கன்னத்தைக் காட்டினான், நடந்துகொண்டே செல்லசாமி நினைத்தான், அன்றைக்குச் சுந்தரதாஸிடமும் ஒருத்தி ஊசியோடு வந்து இப்படிக் கேட்டிருப்பாளோ, கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்?