ஒரே ஆள், இரண்டு நாற்காலி

எர்மெலிந்தோவின் வழக்கு ஒன்பது முறை தள்ளிப்போனது. ஒன்பது முறையும் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. எப்படி வருவார்? அவர் சிறையில் இருந்தார். எர்மெலிந்தோதான் அந்த மொழிபெயர்ப்பாளர்.

சம்மன்கள் எல்லாம் என் கையால்தான் வாங்கப்பட்டன. எங்கள் சான் செராபினில் ஊர்ப்பொறுப்புகளைச் சம்பளமில்லாமல் முறை வைத்துச் செய்வோம். இந்த ஆண்டு காரியதரிசி வேலை என் தலையில். மாதத்துக்கொரு உறை வரும். 'பழங்குடி மொழி நீதி உறுதித் திட்டத்தின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் திரு. எர்மெலிந்தோ வாஸ்கெஸ் காலை பத்து மணிக்கு நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும்.' எதற்கு? குற்றம் சாட்டப்பட்ட எர்மெலிந்தோ வாஸ்கெஸ் பேசுவதை மொழிபெயர்க்க.

நடந்தது இவ்வளவுதான். புயலில் பைன் மரம் ஒன்று ஊர்ப்பொது நிலத்தில் சாய்ந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட ஊரே கூடி வேலை செய்த அன்று அதை அறுத்தவன் எர்மெலிந்தோ. வனக்காவலர்கள் வந்தபோது ரம்பம் அவன் கையில் இருந்ததால், மரம் வெட்டினான் என்று அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முதல் விசாரணையில் நீதிபதி அம்மாள், "உங்களுக்கு ஸ்பானிஷ் புரியுமா?" என்று கேட்டார். "நல்லாவே புரியும் மேடம்," என்று அவன் ஸ்பானிஷில் சொன்னான். 'பதற்றத்தில் ஸ்பானிஷில் பதில் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் அவசியம்' என்று எழுதிக்கொண்டார்கள்.

திட்டத்தின் பட்டியலில் எங்கள் பக்கத்து அயூக் பேச்சுக்கு ஒரே பெயர்தான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஓட்டல் ஒன்றில் மூன்று நாள் பயிற்சி கொடுத்து, பிஸ்கட் கொடுத்து, சான்றிதழும் கொடுத்திருந்தார்கள். ஓசிச் சோறு கிடைக்கிறதே என்று போனவன் எர்மெலிந்தோ. பிஸ்கட் நமத்திருந்தது என்று திரும்பி வந்து சொன்னான்.

அவன் மனைவி ஃபிதென்சியா ஒருநாள் என்னை இழுத்துக்கொண்டு மாநிலத் தலைநகருக்குக் கிளம்பினாள். திட்ட இயக்குநர் லிசென்சியாதோ ஒலிவாரெஸைப் பார்க்க. பட்டம் வாங்கியவர்களை இங்கே லிசென்சியாதோ என்றுதான் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுக்குக் காது கேட்காது.

பழங்குடிப் பெண்கள் கையால் பூவேலை செய்த சட்டை போட்டிருந்தார் லிசென்சியாதோ. பின்னால் சுவர் நிறைய ஒரு வரைபடம், அதில் மொழிக்கொரு பச்சைப் புள்ளி.

"சார், அந்தப் பட்டியல்ல இருந்து என் புருஷன் பேர அடிச்சிருங்க," என்றாள் ஃபிதென்சியா. "அவரு பேர் இல்லேன்னா, ஊர்க்காரங்க யாரையாவது வெச்சு விசாரிக்கலாம்னு வக்கீல் சொல்றாரு."

"என்னம்மா இது, பச்சைப் புள்ளிய அழிக்கச் சொல்றீங்க! நம்ம மாநிலத்துல நூத்துக்கு நூறு மொழிக்கும் ஆள் இருக்கு. உலகமே பாராட்டுது."

"அந்த ஆள் ஜெயில்ல இருக்காரு சார்."

"அது வேற எர்மெலிந்தோவா இருக்கும். பேர் ஒத்துப்போறது சகஜம்."

"பிறந்த தேதியும் ஒத்துப்போகுது," என்றேன் நான்.

"இரட்டையரா?" என்று ஆவலாகக் கேட்டார் லிசென்சியாதோ. "அப்படின்னா அது ரொம்ப அழகான விஷயமாச்சே!"

படி இறங்கும்போது ஃபிதென்சியா துப்பினாள். "இந்த மனுஷன் தலையில பேன்கூடக் குடியிருக்காது அண்ணே. பசியில செத்துரும்."

பத்தாவது சம்மன் வந்ததும் நான் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். நேராகச் சிறைக்குப் போய், "எர்மெலிந்தோ வாஸ்கெஸ்னு ஒருத்தர் உங்ககிட்ட இருக்காரா?" என்று சிறை அதிகாரியிடம் கேட்டாள். "இருக்கான்," என்றார் அவர். "அப்போ இது அவருக்கு." அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று முத்திரை இருந்தது. எங்கள் நாட்டில் மூன்று முத்திரை இருந்தால் கழுதையைக்கூடச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவார்கள். வாங்கிக்கொண்டார்.

விசாரணை நாளில் அவனை இரண்டு உத்தரவின்பேரில் கொண்டுவந்தார்கள். குற்றவாளியாக ஒன்று, மொழிபெயர்ப்பாளராக ஒன்று. புகைப்படக்காரரோடு லிசென்சியாதோவும் வந்திருந்தார். ஒரு வருஷமாக வராத மொழிபெயர்ப்பாளர் வருகிறார் என்று அவருக்குச் செய்தி போயிருந்தது.

"குற்றம் சாட்டப்பட்டவர்?"

"இருக்கேன் மேடம்."

"மொழிபெயர்ப்பாளர்?"

எர்மெலிந்தோ எழுந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தான். "இருக்கேன் மேடம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். ஆள் மாறவில்லை. அரசு வக்கீல் எழுந்து, மொழிபெயர்ப்பாளர் ஒரு தரப்புக்குச் சாய்வார் என்றார். "அப்படின்னா பத்தாவது வாய்தா போடவா?" என்றார் நீதிபதி. ஒரு வருஷத்துக்கு மேல் தேங்கிய கோப்புகளைப் பற்றி மேலிடத்தில் கேள்வி கேட்டிருந்தார்கள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

"கைவிலங்கு படத்துல விழுது," என்றார் புகைப்படக்காரர்.

மொழிபெயர்ப்பாளர் சுதந்திரமான மனிதர் அல்லவா? காவலர் விலங்கைக் கழற்றினார். பழைய நாற்காலிக்கு அவன் வந்ததும் திரும்ப மாட்டினார். நாலு தடவை கழற்றி மாட்டி அலுத்துப்போய்ச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "எங்க வேணா உக்காருய்யா!" என்றார்.

"மரத்தை வெட்டினீர்களா?" என்றார் நீதிபதி.

எர்மெலிந்தோ காலி நாற்காலியைப் பார்த்து அதை அயூக்கில் கேட்டான். மாறி உட்கார்ந்து அயூக்கிலேயே பதில் சொன்னான்: "விழுந்து கெடந்த மரத்த எந்த மடையனாவது வெட்டுவானா? அறுத்தேன். எழுதுறவனுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலேன்னா அவன் வீட்டுக்கு எவன் கூரை போட்டுக் குடுத்தான்?"

எங்கள் ஊர்க்காரர்கள் இருந்த பெஞ்சு குலுங்கியது. அவன் மறுபடி மாறி உட்கார்ந்தான். "மேடம், குற்றம் சாட்டப்பட்டவர் மிகுந்த மரியாதையோடு சொல்கிறார். எங்கள் பேச்சில் நிற்கிற மரத்தைச் சாய்க்க ஒரு சொல், சாய்ந்ததை அறுக்க வேறு சொல். குற்றப்பத்திரிகை முதல் சொல்லை எடுத்திருக்கிறது. அவர் செய்தது இரண்டாவது."

நீதிபதி நிமிர்ந்தார். "இது முக்கியமான விளக்கம். மொழிபெயர்ப்பாளர் சொன்னதைப் பதிவு செய்யுங்கள்."

இதே விளக்கத்தை இதே வாய் இதே ஸ்பானிஷில் பதினான்கு மாதத்துக்கு முன் சொன்னபோது ஒருவரும் பேனா எடுக்கவில்லை. குற்றவாளி சொன்னால் உளறல். சான்றிதழ் வைத்திருப்பவன் சொன்னால் விளக்கம்.

இரண்டு மணிக்குள் விடுதலை. லிசென்சியாதோ ஓடிவந்து அவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். "ஒரே நாளில் ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு பயனாளி!" என்று கைபேசியில் யாரிடமோ சொன்னார். குறிப்பேட்டில் இரண்டையும் தனித்தனி வரியாக எழுதிக்கொண்டார்.

ஃபிதென்சியா அவன் சட்டையைப் பிடித்தாள். "வா, மூணு மணி வண்டிய விட்டா நாளைக்குத்தான்."

"குற்றம் சாட்டப்பட்டவர் போகலாம்," என்றார் நீதிபதி தலை நிமிராமல். "மொழிபெயர்ப்பாளர் இருங்கள். அடுத்த வழக்கு, தௌரினோ ஹிமேனெஸ்."

பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர் தௌரினோ. அறுபது வயது, ஸ்பானிஷ் ஒரு வார்த்தை வராது. எட்டு மாதமாக உள்ளே இருப்பவர். காவலர் அவரைக் கொண்டுவந்து எர்மெலிந்தோ காலி செய்த நாற்காலியில் உட்கார வைத்தார். தௌரினோ பயந்து பயந்து சுற்றிப் பார்த்தார்.

"என்னாச்சுன்னு சொல்லுங்க மாமா," என்றான் எர்மெலிந்தோ அயூக்கில்.

கிழவருக்கு வாய் கோணி அழுகை வந்தது. எட்டு மாதத்தில் அந்தக் கட்டடத்தில் அவருக்குப் புரிந்த முதல் வாக்கியம் அதுதான்.

எர்மெலிந்தோ திரும்பி மனைவியைப் பார்த்தான். கூடத்தில் கடிகாரம் இரண்டரை காட்டியது.

"என்னய எதுக்குப் பாக்குற?" என்றாள் ஃபிதென்சியா. பெஞ்சில் திரும்ப உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை மடக்கிக்கொண்டாள். "அந்தப் பெரியவரப் பாரு."