பிளாட்டினம் லென்ஸ்

கண்ணாஸ்பத்திரிக்கு வந்தேனா, நகைக்கடைக்கு வந்தேனா என்று எனக்கே சந்தேகம். கண்ணாடி மேசை மேல் மூன்று பளபள அட்டைகள். சில்வர், கோல்டு, பிளாட்டினம். புரை விழுந்த என் கண்ணுக்குள் வைக்கப்போகும் லென்ஸுக்குத்தான் இத்தனை ஜோடனை. அதை விற்க உட்கார்ந்திருந்த ஆலோசகர் பெண், என் மகனையே பார்த்துப் பேசினாள்.

"அம்மாவுக்கு பிளாட்டினம் போட்டுடலாம் சார். கிட்டவும் தெரியும், தூரமும் தெரியும். கண்ணாடியே வேண்டாம்."

"அதையே போடுங்க. எங்கம்மாவுக்கு நான் எதுலயும் குறை வைக்கமாட்டேன்" என்றான். பாசக்காரன்தான். எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான் என்பதுதான் தொல்லை.

"எது சரிப்படும்னு டாக்டர் சொல்லட்டும்" என்றேன்.

"அவர் ஆபரேஷன் அன்னைக்குப் பேசுவாரு மேடம். லென்ஸை முதல்லயே முடிவு பண்ணிடணும்."

காலையில் அந்த டாக்டர் என் இமையைத் தூக்கிப் பார்த்ததோடு சரி. எனக்கு வந்ததே கோபம்.

"செருப்புக் கடையில கூட எதுக்குப் போடப்போறீங்கன்னு கேட்டுட்டுத்தாம்மா எடுத்துக் காட்டுவாங்க. இது கண்ணு."

எழுந்து டாக்டர் அறைக்கு நடந்தேன். "மானத்தை வாங்காதம்மா" என்று மகன் பின்னாலேயே வந்தான். உள்ளே இருந்த நோயாளி வெளியே வந்ததும் நான் போய் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்தேன்.

"டாக்டர், நான் பால் வண்டி ஓட்டறவ. விடியறதுக்கு முன்னாடி, இருட்டுல. புரை வந்ததுலேர்ந்து வண்டி சும்மா நிக்குது. பிளாட்டினம் வச்சா மறுபடி ஓட்டலாமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க வீட்டோட இருக்கறதா இல்ல சொன்னாங்க? அது உங்களுக்கு வேண்டாம்மா. இருட்டுல எதிர்ல வர்ற லைட்டைச் சுத்தி வளையம் வளையமா தெரியலாம். சாதா லென்ஸ் போதும். படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்குங்க."

"இதைக் கேக்க நான் சண்டை போட்டுட்டு வரணுமா?"

தாழ்வாரத்துக்கு வந்ததும் மகன் மென்று விழுங்கினான்.

"காலையில நீ டாக்டர்கிட்ட உள்ள இருந்தப்ப அந்தப் பொண்ணு கேட்டுச்சும்மா, இருட்டுல வண்டி ஓட்டுவாங்களான்னு. இனிமே ஓட்டமாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன். இந்த வயசுலயாவது நீ நிம்மதியா இருக்கட்டும்னு."

என் கண்ணைப் பற்றிய கேள்வியை இவனிடம் கேட்டிருக்கிறார்கள். பணம் கொடுத்து வாங்குகிறவன் இவன் அல்லவா.

"வண்டியை எப்ப நிறுத்தணும்னு நான் சொல்றேன்டா. என் கண்ணை வச்சு நீ நிறுத்தாத."

திரும்பி வந்து சாதா லென்ஸ் என்றேன். ஆலோசகர் பெண் முகம் சுண்டிப்போய்த் தலையாட்டினாள். பிறகு பழையபடி அவன் பக்கம் திரும்பினாள்.

"சார், அம்மாவுக்கு ஆபரேஷன் எப்ப வச்சுக்கலாம்?"

"நீ வெளியில உட்காருடா" என்றேன் மகனிடம். அவன் தயங்கினான். நான் அசையவில்லை. போய்விட்டான்.

அந்தப் பெண்ணுக்குப் பார்க்க வேறு ஆள் இல்லை. என்னைப் பார்த்தாள்.